சுண்டெலியிடம் தோற்க வந்த காளை

ஆவாரங்குளத்தின் கரையில் ஒரு தட்டைப்பாறை இருந்தது. பௌர்ணமிதோறும் மாலையில் அந்தப் பாறையின்மேல் ஒரு குழு சின்னச் சின்ன நகைச்சுவை நாடகங்கள் போட்டது. வெள்ளச்சி என்ற கீரி அதன் தலைவி. பொட்டன் என்ற சுண்டெலி அதன் முதல் நடிகன். மேளத்துக்குத் தவளைகள்.

நாடகம் குளக்கரையோடு நிற்காது. மரத்துக்கு ஒரு மைனா உட்கார்ந்திருக்கும். பாறையில் பேசியதை முதல் மைனா அதே குரலில் அப்படியே சொல்லும். அதைக் கேட்டு அடுத்த மரத்து மைனா சொல்லும். இப்படி மலையடிவாரம் வரைக்கும் நாடகம் உடனுக்குடன் போய்ச் சேர்ந்துவிடும். தப்பாகப் பேசினால் தப்பும் போய்ச் சேரும். அதைத் திரும்ப அழைக்க வழியில்லை.

அந்தக் குழுவில் ஒரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு முறையும் பேர்பெற்ற ஒருவர் விருந்தாளியாக வந்து நாடகங்களை நடத்தித் தருவார். முதல் நாடகத்தில் அவர் கட்டாயம் அசடு வழிய வேண்டும். முதலை வந்தபோது பல்வலியில் தேம்பி அழுது, கொக்கிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டது. கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது.

ஆனால் சில மாதங்களாகக் கூட்டம் குறைந்துவிட்டது. காட்டுக்குப் பெரியவரான யானை வெள்ளச்சியைக் கூப்பிட்டார்.

"வெள்ளச்சி, நரிகள் அந்தப் பாறையைப் பட்டிமன்றத்துக்குக் கேட்கிறார்கள். இந்தப் பௌர்ணமிக்கும் சிரிப்புச் சத்தம் வராவிட்டால் கொடுத்துவிடுவேன். வருத்தப்படாதே."

"பட்டிமன்றமா, ஐயா? நரிகள் இரண்டு பக்கமும் தாங்களே பேசுவார்களே."

"பேசட்டும். கூட்டம் வந்தால் சரி."

அந்தப் பாறையை விட்டால் குழுவுக்கு வேறு இடம் இல்லை. வெள்ளச்சி இரவெல்லாம் யோசித்தாள். பிறகு பொட்டனையும் கூட்டிக்கொண்டு காட்டோரத்துக் கிராமத்துக்குப் போய் மருதன் என்ற காளையை அழைத்தாள்.

மருதன் ஜல்லிக்கட்டுக் காளை. இதுவரை யார் கைக்கும் சிக்கியதில்லை. அவன் நடந்து வந்தால் மான்கள் வழிவிட்டு ஒதுங்கும். அவன் முதுகில் எப்போதும் ஓர் அண்டங்காக்கை உட்கார்ந்திருக்கும். உண்ணி பொறுக்குவதும் புகழ்வதும் அதன் வேலை.

வெள்ளச்சி நாடகத்தைச் சொன்னாள். "மருதண்ணே, பொட்டன் உங்களை அடக்க வருவான். திமிலைப் பிடித்துத் தொங்குவான். உங்களுக்குக் கூச்சம் தாங்காது. சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிடுவீர்கள். பொட்டனுக்குப் பித்தளை அண்டா பரிசு. அதைத் தூக்க முடியாமல் அவன் அதற்குள்ளேயே குடியேறிவிடுவான்."

மருதன் வாயைத் திறக்கும் முன்பே காக்கை கத்தியது. "எங்கள் அண்ணன் எலியிடம் தோற்பதா? எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா? அண்ணன் எலியைத் தூக்கி வீச வேண்டும். எல்லா நாடகத்திலும் அண்ணன்தான் ஜெயிக்க வேண்டும்."

"அதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்றான் பொட்டன்.

"நீ பறப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள்."

வெள்ளச்சி மருதனைப் பார்த்தாள். மருதன் புல்லைப் பார்த்தான். அவன் வராவிட்டால் கூட்டம் வராது. அந்தப் பயத்தில் வெள்ளச்சி தன் வழக்கத்தையே விட்டுக்கொடுத்தாள்.

"சரி, காக்கையாரே. உங்கள் இஷ்டம்."

பௌர்ணமி வந்தது. மருதனைப் பார்க்கவே குளக்கரை நிரம்பி வழிந்தது. யானைப் பெரியவரும் வந்து நாவல் மரத்தடியில் நின்றார்.

தவளைகள் மேளம் கொட்டின. மருதன் பாறையில் ஏறினான். பொட்டன் தலைப்பாகை கட்டிக்கொண்டு எதிரே வந்தான். மருதன் மூச்சைச் சீறி, கொம்பால் அவனை ஒரு தட்டுத் தட்டினான். பொட்டன் மேலே போய்க் குளத்தில் விழுந்தான்.

"பலே, அண்ணே!" என்றது காக்கை.

வேறு யாரும் சிரிக்கவில்லை. ஒரு தாய்மான் தன் குட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டது. முயல்கள் எழுந்து, உடம்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு கிளம்பத் தொடங்கின. தவளைகளுக்குத் தாளம் தப்பியது.

மைனாக்களுக்குச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, மலையடிவாரத்திலிருந்து ஒரு கேள்வி மரம் மரமாகத் திரும்பி வந்தது. முதல் மைனா அதை உரக்கச் சொன்னது.

"அங்கே நாடகம் முடிந்துவிட்டதா, இல்லை யாராவது செத்துவிட்டார்களா?"

கூட்டத்தில் சிலர் களுக்கென்று சிரித்தார்கள். மருதனுக்கு உடம்பு விறைத்தது. தலையைத் தாழ்த்தி, முன்காலால் பாறையைச் சுரண்டினான். சிரித்தவர்கள் சட்டென்று அடங்கினார்கள்.

வெள்ளச்சி ஓடி வந்து அவன் கொம்புகளுக்கு நடுவில் நின்றாள்.

"அண்ணே, உங்களுக்குச் சிரிப்புமீது என்ன கோபம்?"

மருதன் குரலைத் தாழ்த்தினான். "கோபம் இல்லை, தங்கச்சி. பயம். இன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் நாளைக்கு வாடிவாசலில் என்னைப் பார்த்துப் பயப்படுவார்களா? பயம் விட்டுப்போனால் என் திமில் யாரோ ஒருத்தன் கைக்குப் போய்விடும். இதை யாரிடமும் சொல்லிவிடாதே."

அவன் மெல்லத்தான் சொன்னான். மைனாவுக்கு மெல்லச் சொன்னதும் ஒன்றுதான், கத்திச் சொன்னதும் ஒன்றுதான்.

"கோபம் இல்லை, தங்கச்சி. பயம்," என்றது முதல் மைனா, மருதனின் குரலிலேயே. முழுவதையும் சொல்லி முடித்தது. அடுத்த மரத்து மைனாவும் சொன்னது. அதற்கடுத்ததும் சொன்னது. "இதை யாரிடமும் சொல்லிவிடாதே" என்பது காடு முழுக்கப் போனது.

மருதன் பதறிப்போனான். "நிறுத்து!"

"நிறுத்து!" என்றது முதல் மைனா. "நிறுத்து! நிறுத்து!" என்று மரங்களில் வரிசையாகக் கேட்டது.

"ஐயோ, அதைச் சொல்லாதே என்கிறேன்."

"ஐயோ, அதைச் சொல்லாதே என்கிறேன்," என்று காடு சொன்னது.

மருதன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். மூக்கு வழியாக ஒரு தும்மல் வந்துவிட்டது. மைனாக்கள் அதையும் விடவில்லை. மலையடிவாரம்வரை மருதன் தும்மிக்கொண்டே போனான்.

மான்குட்டி தாயின் கால்களுக்கு இடையிலிருந்து எட்டிப் பார்த்தது. "அம்மா, அந்த மாமாவுக்கும் பயம் உண்டா?"

மருதனே பதில் சொன்னான். "உண்டு, கண்ணு. நிறையவே."

சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான். கொம்பு ஆட, திமில் ஆட, வயிறு குலுங்கச் சிரித்தான். முதலில் முயல்கள் சேர்ந்து சிரித்தன. பிறகு குளக்கரை முழுதும் சிரித்தது. அதில் ஏளனம் இல்லை. அதை மருதன் காதால் கேட்டே தெரிந்துகொண்டான்.

"மானம் போகிறது, அண்ணே. வாருங்கள், போய்விடலாம்," என்றது காக்கை.

"நீ வேண்டுமானால் போ. எனக்கு வேலை இருக்கிறது." மருதன் குளத்துப் பக்கம் திரும்பினான். "தம்பி பொட்டா, வலித்ததா?"

பொட்டன் சொட்டச் சொட்டக் கரையேறினான். "வலிக்கவில்லை, அண்ணே. தலைப்பாகைதான் போய்விட்டது."

"என்னை மன்னித்துவிடு. வெள்ளச்சி முதலில் சொன்ன நாடகத்தையே போடலாமா?"

"போடலாம். ஆனால் நான் இன்னும் காயவில்லை. திமிலில் ஏறினால் வழுக்கும்."

"வழுக்கட்டும், ஏறு."

பொட்டன் ஏறினான். வழுக்கினான். மறுபடியும் ஏறினான். ஈர வால் பட்டதும் மருதனுக்கு உண்மையிலேயே கூச்சம் வந்துவிட்டது. "விடு தம்பி, விடு," என்று துள்ளி, பாறை அதிரத் தரையில் உட்கார்ந்தான். பொட்டன் அண்டாவுக்குள் குதித்து, "வாசல் கிழக்கே பார்த்திருக்கிறது, வீடு நல்ல வீடுதான்," என்றான். யானைப் பெரியவர் சிரித்த சிரிப்பில் நாவல் பழங்கள் உதிர்ந்து எல்லார் தலையிலும் விழுந்தன.

நாடகங்கள் முடிந்ததும் பெரியவர் பாறையருகே வந்தார். "வெள்ளச்சி, பாறை உன்னுடையது. நரிகளுக்கு வேறு இடம் பார்க்கிறேன். அவர்கள் குரல் இங்கே எட்டாத இடமாகவே பார்க்கிறேன்."

வெள்ளச்சி தலை குனிந்தாள். "வழக்கத்தை விட்டுக்கொடுத்து நானே கெடுக்கப் பார்த்தேன், ஐயா. இனி யாருக்காகவும் விடமாட்டேன்."

மருதன் மட்டும் தயங்கி நின்றான். "எல்லாம் சரி, தங்கச்சி. பொங்கலுக்கு நான் என்ன செய்வேன்?"

பொட்டன் அண்டாவிலிருந்து தலையை நீட்டினான். "அண்ணே, நான் இன்றைக்கு உங்கள் திமிலில் தொங்கியவன். சிரித்துக்கொண்டே தொங்கினேன். ஆனால் கொம்பு பக்கத்தில் வந்தபோது என் உயிர் என்னிடம் இல்லை. வாடிவாசலில் இறங்குகிறவனுக்கு இந்த நாடகம் ஞாபகம் வருமா, கொம்பு ஞாபகம் வருமா?"

மருதன் யோசித்துப் பார்த்தான். மனத்தில் இருந்த பாரம் இறங்கியது.

காக்கை கிளம்பிப் போய்விட்டதால் முதுகு காலியாக இருந்தது. மான்குட்டி மெல்லக் கிட்டே வந்து கேட்டது. "மாமா, நான் ஏறிக்கொள்ளட்டுமா?"

மருதன் முன்காலை மடக்கிக் குனிந்து கொடுத்தான். ஊர் எல்லைவரை அவன் நடந்த வழியில் அன்றைக்கு யாரும் ஒதுங்கவில்லை. எல்லாரும் கூடவே நடந்தார்கள்.

தன்னைப் பார்த்து நாலு பேர் சிரிக்க இடம் கொடுப்பவனுக்கு வலிமை குறைவதில்லை, துணை பெருகுகிறது.