அதைக் கொண்டு வாரும்

என்னைப் பற்றி ஊரில் பேசிக்கொள்வதில் பாதி பொய். மீதிப் பாதி நானே கிளப்பிவிட்டது. வேலங்குறிச்சி மன்னர் மாறவேளின் மனத்தை அப்படியே படிக்கிறவன் இந்த அம்பலவாணன் என்கிறார்கள். மனத்தைப் படிப்பதாவது! என் கையெழுத்தையே நான் இரண்டு தடவை படித்தால்தான் புரியும்.

விஷயம் இவ்வளவுதான். எங்கள் மன்னருக்கு எந்தப் பொருளின் பேரும் வாயில் வராது. "அம்பலவாணரே, அதை எடும்" என்பார். "அந்த இது எங்கே?" என்பார். மற்றவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். மன்னர் உதட்டை ஈரப்படுத்தினால் நான் தண்ணீர்ச் செம்பை நீட்டுவேன். கழுத்தைத் துடைத்தால் விசிறியை நீட்டுவேன். இதற்கு மூளை எதற்கு? கண் இருந்தால் போதாதா? ஆனால் யாராவது "எப்படி ஐயா கண்டுபிடிக்கிறீர்?" என்று கேட்டால், பெரிய ஞானி போலக் கண்ணை மூடி லேசாகச் சிரிப்பேன். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று.

பிரதானி நாச்சியப்பருக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே வயிறு எரியும். ஒரு நாள் சபை நடுவே எழுந்துவிட்டார்.

"மன்னா, இவர் படிப்பது தங்கள் மனத்தை அல்ல, முகத்தை! நாளைக்கு நடுவில் ஒரு திரை கட்டுவோம். தங்கள் பள்ளியறையில் இருக்கிற ஏதாவது ஒரு பொருளைத் தாங்கள் நினைத்துக்கொள்ளுங்கள். 'அதைக் கொண்டு வாரும்' என்று மட்டும் சொல்லுங்கள். இவர் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. சரியான பொருளோடு வருகிறாரா, பார்ப்போம்."

"வராவிட்டால்?" என்றார் மன்னர், வேடிக்கை பார்க்கிற ஆவலில்.

"யானைக் கொட்டாரத்தில் லத்தி அள்ள ஆள் போதவில்லை மன்னா. இவரை அங்கே அனுப்பிவிடலாம்."

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? கண்ணை மூடி லேசாகச் சிரித்தேன்.

மறுநாள் திரை கட்டியாகிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது. "அதைக் கொண்டு வாரும்!"

பள்ளியறைக்குப் போனேன். வாள், கேடயம், பன்னீர்ச் செம்பு, எச்சில் படிக்கம், பாதக்குறடு, சதுரங்கப் பலகை, கிளிக்கூண்டு என்று அறை நிறையப் பொருள். எல்லாமே அதுவாக இருக்கலாம். கிளிகூட அதுவாக இருக்கலாம். லத்தி அள்ளுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதை வீட்டுக்குப் போய் என் மனைவி தையல்நாயகியிடம் எப்படிச் சொல்வது?

அவளை நினைத்ததுதான் என்னைக் காப்பாற்றியது. அவளும் மன்னர் மாதிரிதான். அடுக்களையிலிருந்து, "ஏங்க, அதை எடுத்துட்டு வாங்க" என்பாள். எதை என்று கேட்டால் தொலைந்தேன். "இதுகூடத் தெரியாமத்தான் ராஜாவுக்கு யோசனை சொல்றீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவாள். அதனால் நான் கேட்பதே இல்லை. உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல், "அது இங்கே இல்லையே" என்பேன். உடனே பதில் வரும். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? அந்த மூக்கு உடைஞ்ச கெண்டிங்க! உரலுக்குப் பக்கத்துல நான்தானே வச்சேன்!" இருபது வருஷமாக எங்கள் குடித்தனம் இப்படித்தான் ஓடுகிறது. நான் கெட்டிக்காரன் என்பதற்கு ஊரில் எத்தனையோ சான்று சொல்வார்கள். உண்மையில் எனக்குத் தெரிந்த வித்தை இது ஒன்றுதான்.

வெறுங்கையோடு சபைக்குத் திரும்பினேன். நாச்சியப்பர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"மன்னா," என்றேன் பணிவாக, "அது அங்கே இல்லை."

திரை ஆடியது.

"என்னது, இல்லையா? நன்றாகப் பார்த்தீரா? காலையில் நானே என் கையால் வைத்தேனே! நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் ஐயா! என் தந்தப்பிடிப் பாக்குவெட்டி! சிவப்புப் பட்டில் சுற்றி வைத்திருந்தேன். எவன் எடுத்தான்?"

"மறுபடி ஒரு தடவை பார்க்கிறேன் மன்னா" என்று ஓடினேன். கண்ணாடிக்குப் பின்னால் கைவிட்டேன். எடுத்தேன். வந்தேன். சிவப்புப் பட்டோடு நீட்டினேன்.

"அநியாயம்!" என்று குதித்தார் நாச்சியப்பர். "மன்னரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்!"

"நான் எங்கே ஐயா கேட்டேன்? சேதி சொன்னேன். கேள்வியெல்லாம் மன்னர்தான் கேட்டார்."

திரையை விலக்கிக்கொண்டு வந்த மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"பிரதானியாரே, தோற்றவர் நீர்தான்! உள்ளே போய் அதை எடுத்து வந்து உம் கையாலேயே இவருக்குப் பரிசாகக் கொடும்."

"எதை மன்னா?"

"அதைத்தான் ஐயா! இதுகூடவா தெரியாது?"

நாச்சியப்பர் உள்ளே போனார். வெறுங்கையோடு வந்து என் பக்கத்தில் நின்றார். பாவம், நெற்றியெல்லாம் வேர்வை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் ஜெயித்த மப்பு யாரை விட்டது? பெரிய மனது பண்ணி அவர் காதருகே குனிந்தேன்.

"'அங்கே இல்லை' என்று சொல்லிப் பாருங்கள். என்ன பொருள், எங்கே இருக்கிறது என்று மன்னரே ஒப்பித்துவிடுவார்."

நாச்சியப்பர் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "மன்னா, அது அங்கே இல்லை."

நான் இரண்டு கையையும் ஏந்தியபடி காத்திருந்தேன்.

"இல்லையா?" என்றார் மன்னர், பட்டைப் பிரித்துத் தம் பாக்குவெட்டியை ஆசையாகத் துடைத்தபடி. "சரி, அம்பலவாணருக்குத்தானே? போகட்டும் விடும்."