எலுமிச்சம்பழம் கட்டிய ஸ்கேன் மெஷின்

ஸ்கேன் மெஷினில் மேலே தொங்குகிற பாகம் கழன்று நோயாளிமீது விழக்கூடும், உடனே திருப்பி அனுப்புங்கள் என்று கம்பெனி கடிதம் போட்டது. டாக்டர் நடனசபாபதி கடிதத்தை மேஜைக்குள் பூட்டிவிட்டு, பெருக்கித் துடைக்கும் சங்கிலியம்மாளைக் கூப்பிட்டு மெஷினுக்குத் திருஷ்டி எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார்.

விஷயம் ஊருக்குள் கசிந்துவிட்டது. ஊர் வாயை அடைக்க ஒரு பத்திரிகைக்காரரை வரவழைத்தார் டாக்டர். காத்திருந்த நோயாளிகளும் எட்டிப் பார்த்தார்கள்.

"சங்கிலி, அதுல போய்ப் படு. பத்திரிகைக்கு சார் படம் எடுக்கட்டும். மாட்டேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"படுக்கேன் ஐயா. ஆனா பெருக்குறவ மூஞ்சியைப் பார்த்தா ஊரு நம்புமா? நீங்க படுத்தீங்கன்னா ஒருத்தன் வாய் திறக்க மாட்டான்."

"அதானே, நீங்களே படுங்க சார்!" என்றார் பத்திரிகைக்காரர்.

டாக்டர் மேலே பார்த்தார். எலுமிச்சம்பழம் லேசாக ஆடியது.

"எனக்கு... இடுப்பு பிடிச்சிருக்கு."

நோயாளிகள் ஃபைலை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

மறுநாள் சங்கிலியம்மாளுக்கு வேலை போனது. மெஷினுக்கு வேலை போகவில்லை. புதுப் பெயிண்ட் அடித்து, ஒரு மலையடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு அதைத் தானமாகக் கொடுத்தார் டாக்டர். தானம் கொடுத்த படம் பத்திரிகையில் வந்தது. கழுத்தில் மாலையோடு, மெஷினுக்குப் பத்தடி தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.