துலாபாரத்துக்கு ஒரு தேர் வடம்

“இந்தச் சபையில ஒருத்தர் ஊர்ச்சனத்தைத் தேர்ச் சக்கரத்துக்குக் கீழே தள்ளப் பார்க்கிறார்! பேரைச் சொல்ல மாட்டேன். யாருன்னு அவருக்கே தெரியும்!”

மருதங்கோட்டை அரண்மனையே அதிரும்படி இப்படிக் கத்தியவன் கூத்தையன். மாட்டுச் சந்தையில் தரகனாக அடிபட்டு, உதைபட்டு, வாய்ச் சாமர்த்தியத்தால் அரசவைக்கு வந்து சேர்ந்தவன். சந்தையை விட்டு வந்தானே தவிர, சந்தைக் குரலை விட்டுவிட்டு வரவில்லை. கோபம் வந்தால் மூக்கு சிவந்துவிடும். அப்புறம் எதிரே நிற்பது மாடா, மந்திரியா என்று பார்க்க மாட்டான்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. மறுநாள் தேரோட்டம். போன வருஷம் எண்ணெய்க்காரத் தெரு இறக்கத்தில் தேர் வடம் இழை இழையாகப் பிரிந்து, இழுத்தவர்களில் ஐந்து பேர் சக்கரத்துக்கு முன்னால் விழுந்துவிட்டார்கள். சட்டென்று கட்டை கொடுத்துத் தேரை நிறுத்தியதால் பிழைத்தார்கள். அன்றைக்கே மன்னர் சொக்கபூபதி, கடற்கரையிலிருந்து புது வடம் வாங்கச் சொன்னார். வாங்கியாயிற்று, தேரில் பூட்டியும் ஆயிற்று என்று சொன்னவர் திருவிழா அதிகாரி மகுடேசர்.

கூத்தையன் அன்று காலை தேரடிக்குப் போய்ப் பார்த்தான். வடம் முழுக்க மஞ்சளும் சந்தனமும் அப்பி, பூச்சுற்றி, மணமேடைக்குக் கிளம்பியது போல இருந்தது. அந்தச் சந்தனத்துக்குள்ளிருந்து ஓர் எலிக்குஞ்சு எட்டிப் பார்த்தது.

“புது வடத்துல எலி குடும்பம் நடத்துமா மகாராசா?” என்று இப்போது சபையில் கேட்டான்.

மகுடேசர் காதைப் பொத்திக்கொண்டார். “சிவசிவா! பூசை போட்ட வடம் அது. அதைச் சந்தேகப்படுகிறவன் வாய் புழுத்துப் போகும்!”

மன்னருக்கு எரிச்சல் வந்தது. “கூத்தையா! பூசை போட்ட வடத்தைத் தேர் நகரும் வரை யாரும் சோதிக்கக் கூடாது. அது நம் ஊர் வழக்கம். நாளைக் காலைக்குள் அது பழைய வடம் என்று நீ நிரூபிக்க வேண்டும். தொடக் கூடாது. இழுக்கக் கூடாது. அறுக்கவும் கூடாது. முடியாவிட்டால் தேர் ஓடும். நீ நாட்டை விட்டு நடப்பாய்!”

கூத்தையன் திடீரென்று குரலைத் தாழ்த்தினான். சந்தையில் அவன் குரலைத் தாழ்த்தினால் பேரம் படியப் போகிறது என்று அர்த்தம்.

“தப்பு என் பேர்லதான் மகாராசா. அய்யா இவ்வளவு பாடுபட்டிருக்கார். அவருக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டாமா? தேர் கிளம்பறதுக்கு முன்னாடி, தேரடியிலேயே துலாபாரம். எடைக்கு எடை வெள்ளி!”

“அடடா, எனக்கெதற்கு அதெல்லாம்?” என்றது மகுடேசரின் வாய். அவர் விரல்களோ அப்போதே வெள்ளியைத் தடவிக்கொண்டிருந்தன. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை பேசிப் பழகிய கூத்தையன் அதைக் கவனித்துக்கொண்டான். மன்னரும் சம்மதித்தார்.

மறுநாள் காலை தேரடியில் எள் விழ இடமில்லை. இரண்டு ஆள் உயரத்தில் பெரிய உத்தரம். கீழே ராட்சசத் தராசுத் தட்டுகள். மகுடேசர் எடை கூடட்டும் என்று இருபது கொழுக்கட்டையை உள்ளே தள்ளிவிட்டு, பட்டு சரசரக்க வந்தார்.

“தராசு எங்கேயப்பா தொங்குகிறது?” என்று கேட்டார்.

“தொங்க விடணும் அய்யா. ஊரே பார்க்கிற மாதிரி உச்சியில. சாதாரணக் கயிறு உங்களுக்கு மரியாதையா? அதான் மகாராசாகிட்ட சொல்லிட்டேன். தேர் வடத்துலயே கட்டிடலாம். நான் தொட மாட்டேன், நீங்களே எடுத்துக் குடுங்க. தேரையே இழுக்கிற வடம், உங்களைத் தாங்காதா?”

மகுடேசர் உத்தரத்தைப் பார்த்தார். கீழே பரப்பியிருந்த கருங்கல்லைப் பார்த்தார். இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

“அது… சாமி வடம். மனுஷனுக்குக் கட்டக் கூடாது.”

“நான் அனுமதி கொடுக்கிறேன்” என்றார் மன்னர்.

“எனக்குத் தலை சுற்றுகிறது மகாராசா.”

“ஏறி உட்கார்ந்தா நின்னுடும் அய்யா” என்றான் கூத்தையன். “பின்னால வெள்ளி வேற ஏத்தணும். அதையும் சேர்த்துத் தாங்கணுமில்ல? ஏறுங்க, சனம் வெயில்ல நிக்குது!”

“மாட்டேன்! என் எலும்பு எண்ண முடியாதபடி நொறுங்கிவிடும்!”

“வேற என்ன செய்யறது? உங்களைத் தாங்கற மாதிரி வேற வடம் இந்த ஊர்ல ஏது?”

“ஏன் இல்லை?” என்று சீறினார் மகுடேசர். “என் தோட்டத்து ஊஞ்சலில் புத்தம் புது வடம் இருக்கிறது! ஆறு பேர் உட்கார்ந்து ஆடினாலும் அசையாது! அதைக் கொண்டு வரச்—”

நாக்கைக் கடித்துக்கொண்டார். கொஞ்சம் தாமதமாகத்தான்.

தேரடியில் இருந்த அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

“தொடலை, இழுக்கலை, அறுக்கலை மகாராசா” என்றான் கூத்தையன்.

மன்னர் மகுடேசரை முறைத்தார். மீசை துடித்தது. “ஊஞ்சலுக்காகத் தேரின் புது வடத்தை அறுத்துவிட்டாயா?”

“இல்லை மகாராசா… நாலு புளியமரத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருக்கிறேன்” என்றார் மகுடேசர், எலிக்குஞ்சின் குரலில்.

மன்னருக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “புது வடம் வராமல் தேர் அசையாது! கூத்தையா, இந்தத் துலாபாரம் உனக்கு. ஏறி உட்கார்!” என்றார்.

கூத்தையன் தன் ஒட்டிய வயிற்றைப் பார்த்தான். “மகாராசா, ஏற்கெனவே பேசினது அய்யாவோட எடை. பேசின எடையை மாத்தினா சந்தையில சிரிப்பாங்க.”

“அப்படியே ஆகட்டும்!” மன்னர் மறுபடியும் சிரித்தார்.

கூத்தையன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் மூக்கு இன்னும் சிவப்பாகவே இருந்தது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக் கத்தினான்:

“நான் இப்பவும் பேரைச் சொல்லலை! யாருன்னு அவருக்கே தெரியும். அவர் உடனே வீட்டுக்குப் போய், ஊஞ்சலை அவுத்து, வடத்தைத் தன் தோள்லயே சுமந்துட்டு வரணும். வந்து, எண்ணெய்க்காரத் தெரு இறக்கத்துல, முதல் ஆளா அவரே பிடிச்சு இழுக்கணும்!”