வெள்ளை விரிப்பும் செம்மண் காலும்

பொன்னுரங்கத்துக்கு அன்று காலை இட்லி தொண்டையில் இறங்கவில்லை. சந்தோஷம் வந்து அடைத்துக்கொண்டிருந்தது.

அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கரூரில் வாழ்நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு விற்றவர். மனைவி காலமான பிறகு கடையை மகனிடம் விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் இருந்த சிவகாமி அம்மையின் மடத்துக்கு வந்து சேர்ந்தார். அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். அதனால் என்ன, குரு குருதான். அவர் அம்மையை ‘அம்மா’ என்பார். அம்மை அவரை ‘ஐயா’ என்பார்.

மடத்தில் அவர் வாசல் கூட்டினார், காய் நறுக்கினார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். துணியைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் வாய் திறந்ததில்லை. விட்டுவந்தது விட்டதாகவே இருக்கட்டும் என்று நினைத்திருந்தார்.

அன்று காலைதான் அம்மை கூப்பிட்டுச் சொன்னார்.

“ஐயா, யாத்ரீகர் கூடம் கட்டி முடிச்சாச்சு. பத்துக் கட்டில் வந்திருக்கு. விரிப்பு, போர்வை எல்லாம் நீங்கதான் பார்த்து வாங்கணும்.”

“நானுங்களா?”

“வேற யாருக்குத் தெரியும்?”

“எந்த மாதிரி வேணுங்க?”

“மலைக் கோயிலுக்கு நடக்கறவங்க வெயில்லயும் வருவாங்க, மழையிலயும் வருவாங்க, மார்கழிப் பனியிலயும் வருவாங்க. எப்ப வந்தாலும் நல்லாத் தூங்கணும். பார்க்க அழகாவும் இருக்கணும்.”

அவ்வளவுதான். பொன்னுரங்கம் அடுத்த பேருந்தைப் பிடித்துவிட்டார். செருப்பு மாட்ட மறந்துபோனது பாதி வழியில்தான் தெரிந்தது.

கரூரில் அவர் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு விரிப்பை வெளிச்சத்தில் பிடித்து நூலின் நெருக்கத்தைப் பார்த்தார். இன்னொன்றைக் கைக்குள் கசக்கி விட்டுப் பார்த்தார். பளபளவென்று ஒன்றை எடுத்து வந்து காட்டிய பையனிடம், “பாலியெஸ்டர் கலந்தது தம்பி, வேர்த்தா முதுகோட ஒட்டிக்கும்” என்று திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர்கள் எல்லாம் பழைய ஆட்கள்தான். “என்னங்க மாமா, சாமியாராப் போனவர் மறுபடியும் கடை போடப் போறீங்களா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கால் வலித்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை.

சாயங்காலம் ஒரு வண்டி நிறைய மூட்டைகளோடு வந்து இறங்கினார்.

மடத்தில் சமையல் பார்த்த அங்காயியும் ஒரு சீடர்தான். அவரைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூடத்துக்குக் கூட்டிப்போய், ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார் பொன்னுரங்கம்.

“தொட்டுப் பாரு அங்காயி. சுத்தப் பருத்தி. வெயில்ல ஒட்டாது, குளிர்ல சில்லுனும் இருக்காது. இது அடியில விரிக்கிறதுக்கு. இது மேல போத்திக்க, மெல்லிசா. ரொம்பக் குளிருச்சுன்னா இருக்கவே இருக்கு, பஞ்சு வெச்சுத் தைச்ச போர்வை. ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டுக்கலாம், வேண்டாம்னா எடுத்துரலாம். என்ன சொல்றே?”

“எல்லாஞ் சரிண்ணா. வெள்ளையா வாங்கிட்டு வந்திருக்கீங்களே.”

“வெள்ளைன்னா வெள்ளையா? பால் நிறம்! ஓரத்துல பாரு, கிளிப்பச்சைக் கரை. கூடத்துக்குள்ள நுழைஞ்சா நிலா அடிச்ச மாதிரி இருக்க வேண்டாமா?”

அங்காயி தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பக்கம் முழுக்கச் செம்மண்.

பத்துக் கட்டிலிலும் விரித்து, சுருக்கம் நீவி, போர்வைகளை மடித்துக் கால்மாட்டில் வைத்து முடித்ததும் பொன்னுரங்கம் ஓடிப்போய் அம்மையைக் கூட்டிவந்தார்.

அம்மை வாசலில் நின்று பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அழகா இருக்குங்க ஐயா.”

“எல்லாப் பருவத்துக்கும் ஆகுமுங்க அம்மா. சரியாத்தானே வாங்கியிருக்கேன்?”

“யாராவது படுத்தாங்களா?”

“இன்னும் யாரும் வரலீங்களே.”

“வரட்டும். படுக்கறவங்க சொல்லுவாங்க.”

மறுநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, நின்று அடிக்கிற மழை. அந்த மழைக்குள்ளேயே ஒன்பது பேர் மடத்து வாசலில் வந்து நின்றார்கள். செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்கள். மலைக்கு நேர்ந்துகொண்டு இரண்டு நாளாக நடந்து வருகிறார்களாம். அவர்களில் ஒரு பெரியவருக்குக் காய்ச்சல் கண்டு உடம்பு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

பொன்னுரங்கம் குடையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

“வாங்க, வாங்க! நேரா உள்ள வாங்க. உங்களுக்காகத்தான் எல்லாம் தயாரா இருக்கு.”

கூடத்து வாசலில் அவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு பெண் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“அடேயப்பா! எவ்வளவு அழகா இருக்கு!”

பொன்னுரங்கத்தின் நெஞ்சு விம்மியது. “படுங்க, நல்லா நீட்டிப் படுங்க. சுக்குக் காப்பி கொண்டாரேன்” என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் பறந்தார்.

காப்பித் தூக்கோடு திரும்பி வந்தவர் திகைத்துப்போனார்.

பத்துக் கட்டிலும் அப்படியே இருந்தன. ஒரு சுருக்கம் இல்லை. அவர்கள் எல்லோரும் கட்டில்களுக்கு நடுவே வெறும் சிமெண்டுத் தரையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். காய்ச்சல்காரப் பெரியவர் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு தரையிலேயே சுருண்டு கிடந்தார்.

“என்னங்க இது? கட்டில்ல படுக்கலையா?”

“அழுக்காயிருமுங்க சாமி” என்றாள் அந்தப் பெண். “நாங்க இப்படியே இருந்துக்கறோம்.”

“ஆனா ஆகட்டும், துவைச்சுக்கலாம். எந்திரிங்க.”

“பெரிய மனுசங்க யாரோ வர்றாங்க போல. நாங்க மழை விட்டதும் கிளம்பிர்றோமுங்க.”

“உங்களுக்குத்தாங்க! உங்களுக்காகத்தான் வாங்கினது!”

அவர் கெஞ்சிக் கேட்டதால் ஒருவர் எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, உட்கார்ந்த இடத்தைக் கையால் தட்டிவிட்டார். தட்டியதில் அங்கே விரல் தடம் விழுந்தது. பதறிப்போய் மறுபடி தரைக்கே போய்விட்டார்.

பெரியவரின் பற்கள் தந்தியடித்தன. பொன்னுரங்கம் தூக்குப் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு மழையில் இறங்கி ஓடினார்.

“அம்மா! கட்டில்ல யாரும் படுக்க மாட்டேங்கறாங்க. ஒருத்தருக்குக் காய்ச்சல் கொதிக்குது, அவரும் தரையில கெடக்கறார். சொன்னாக் கேக்க மாட்டேங்கறாங்க. என்ன பண்றதுங்க?”

அம்மை எழுந்தார். குடை எடுக்கவில்லை. தாழ்வாரத்தோடு போகிற நல்ல பாதையை விட்டுவிட்டு, முற்றத்துச் சேற்றில் இறங்கி நடந்தார். கணுக்கால் வரைக்கும் செம்மண் அப்பியது. அப்படியே கூடத்துக்குள் நுழைந்து, முதல் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

பால் நிற விரிப்பில் இரண்டு பாதங்களும் பச்சக்கென்று பதிந்தன.

யாரும் மூச்சு விடவில்லை.

அம்மை போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

“அப்பாடா, கதகதன்னு இருக்கு! அந்தத் தாத்தாவ மொதல்ல ஏத்துங்கப்பா. மீதிக் கட்டில் காலியாத்தானே கெடக்கு?”

முதலில் சிரித்தவள் அந்தப் பெண்தான். அடக்கப் பார்த்து முடியாமல் பொங்கிச் சிரித்தாள். அடுத்தவருக்கும் தொற்றிக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து பெரியவரைத் தூக்கிக் கட்டிலில் போட, பொன்னுரங்கம் தன் கையாலேயே இரண்டு போர்வைகளை அவர்மேல் போர்த்தினார். கொஞ்ச நேரத்தில் எல்லாக் கட்டிலும் நிறைந்துவிட்டது. காப்பி கை மாறியது. ஒரு டம்ளர் விரிப்பின் மேலேயே கவிழ்ந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை பெரியவருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அவர்கள் மலை ஏறிப் போனார்கள்.

பொன்னுரங்கமும் அங்காயியும் கிணற்றடியில் விரிப்புகளைத் துவைத்தார்கள். சவுக்காரம் போட்டு, கல்லில் அடித்து, வெயிலில் போட்டு, மறுபடியும் நனைத்துத் துவைத்தார்கள். நிலா நிறம் திரும்பி வரவே இல்லை. மங்கலான செம்மண் திட்டுகள் அங்கங்கே நின்றுவிட்டன.

ஈரக் கையோடு அம்மை முன்னால் போய் நின்றார் அவர்.

“அழகைத் தேடினது தப்புங்களா அம்மா?”

“நான் அப்படிச் சொன்னேனுங்களா?”

“கறை போகலீங்க. என்ன பண்ணியும் போகல.”

“அப்ப இனிமே அதுதான் அதோட நிறம்” என்றார் அம்மை, கீரை ஆய்ந்துகொண்டே.

பொன்னுரங்கம் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். பிறகு திடீரென்று, “அட!” என்று ஒரு சத்தம் போட்டார். கீரை ஆய்ந்த கை நின்றது. அதற்குள் அவர் கிணற்றடிக்குப் போய்விட்டிருந்தார்.

காய்ந்ததும் காயாததுமாக எல்லாவற்றையும் அள்ளிக் கட்டிக்கொண்டு கரூருக்கு ஓடினார். சாயப்பட்டறைக்காரரிடம் ஒரு விரிப்பைப் பிரித்து, கறை மேல் விரல் வைத்தார்.

“இந்த நிறம் தெரியுதுங்களா? எல்லாத்தையும் இந்த நிறத்துல முக்கிக் குடுங்க.”

“கறையைப் போக்கித் தரச் சொல்றீங்களா?”

“இல்லீங்க, இல்லீங்க! கறை என்ன நிறமோ, அதே நிறம். அச்சு அசலா வேணும்.”

பட்டறைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இப்படி ஒரு ஆர்டர் எனக்கு வந்ததே இல்லைங்க” என்றார். நாலு முறை சாயம் கலந்து காட்டினார். மூன்றைப் பொன்னுரங்கம் வேண்டாம் என்றார். நாலாவது துணுக்கைப் பார்த்ததும் குதிக்காத குறை. சுட்ட செங்கல் மழையில் நனைந்தால் வருமே, அந்த நிறம். கிளிப்பச்சைக் கரை இப்போது இலைப் பச்சையாகக் கறுத்து, அதற்குத் துணையாக நின்றது.

திரும்பி வந்ததும் அவர் உடனே விரிக்கவில்லை. துவைத்துத் துவைத்துப் போட்டார். விறைப்பெல்லாம் போய், கட்டிக் கட்டிப் பழசான வேட்டி மாதிரி மெத்தென்று ஆன பிறகுதான் கட்டிலுக்குக் கொண்டுபோனார். வேலைகளுக்கு நடுவே ஒவ்வொரு கட்டிலிலும் ஏறிப் புரண்டு பார்த்தார். அங்காயி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

மார்கழியில் வந்தவர்கள் பஞ்சுப் போர்வைக்குள் புகுந்துகொண்டு, பொழுது ஏறிய பிறகுதான் தலையை வெளியே நீட்டினார்கள். பங்குனி வந்ததும் பொன்னுரங்கம் அந்தப் போர்வைகளைத் திண்டு போல் மடித்துக் கால்மாட்டில் வைத்தார், நடந்து வீங்கின கால்களைத் தூக்கி வைத்துக்கொள்ள. மெல்லிய விரிப்பு மட்டும் மேலே கிடந்தது.

உத்திரத்துக்கு ஒரு பெரிய கூட்டம் வந்தது. உச்சி வெயில், கொப்புளம் வெடித்த கால்கள், புழுதி படிந்த முகங்கள். பொன்னுரங்கம் கூடத்துக் கதவை விரியத் திறந்து ஓரமாக நின்றார்.

யாரும் வாசலில் நிற்கவில்லை. யாரும் வாயில் கை வைக்கவில்லை. கட்டில் கிடைத்தவர்கள் கட்டிலிலும், கிடைக்காதவர்கள் அவர் உருவிக் கொடுத்த விரிப்புகளிலுமாகச் சாய்ந்தார்கள்.

அவர் காத்திருந்தார். நீர்மோர் கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மோரைக் குடித்தார்கள், டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள்.

பொன்னுரங்கம் மெல்ல வெளியே வந்தார். தாழ்வாரத்தில் அம்மை உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

“அம்மா, படுக்கறவங்க சொல்லுவாங்கன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“இத்தனை பேர் படுத்திருக்காங்க. விரிப்பு நல்லா இருக்குன்னு ஒருத்தர்கூட, ஒரு வார்த்தைகூடச் சொல்லலீங்களே!”

அவர் குரல் தன்னையறியாமல் உயர்ந்துவிட்டது.

உள்ளே இருந்து குறட்டைச் சத்தம் வந்தது. ஒன்று, அதற்குப் பதில் சொல்கிற மாதிரி இன்னொன்று.

அம்மை விசிறியை நிறுத்தி, உதட்டில் விரல் வைத்தார்.

“மெதுவாப் பேசுங்க ஐயா. சொல்லிக்கிட்டிருக்காங்க.”