பொங்கல் தின்ற பெருச்சாளி

“உன் கதையில வர்ற பெருச்சாளி நான்தானாம்! ஊரே என் தொந்தியைப் பார்க்குது!” என்று குதித்தார் கோயில் தர்மகர்த்தா தாண்டவராயர். சாமிக்குப் படைக்குமுன்பே பொங்கலைத் தின்றுவிடும் பெருச்சாளியைப் பற்றி, பூக்கட்டும் செங்கமலம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லியிருந்தாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

“மிருகமே இல்லாம அதே நீதியை இப்பவே சொல்லு. இல்லேன்னா நாளையிலிருந்து இங்கே பூக்கட்ட வராதே!”

“ஆகட்டுங்க. ஒரு ஊர்ல ஒரு தர்மகர்த்தா இருந்தாருங்க. மடப்பள்ளிக்குள்ள நைசா நுழைஞ்சு...”

“நிறுத்துடி! பெருச்சாளியே இருக்கட்டும்!”

கதைக்குள் மிருகத்தை எதற்கு வைக்கிறார்கள் என்று மனுஷருக்கு அப்போதுதான் புரிந்தது. கோயிலுக்கு வந்து சுற்றி நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது.

செங்கமலம் பூக்கட்டும் நாரைக் கையில் எடுத்துக்கொண்டாள். “சரிங்கய்யா. அப்படியே அந்தப் பெருச்சாளியை, மீசையில ஒட்டியிருக்கிற பொங்கலைத் துடைச்சுக்கச் சொல்லுங்களேன்.”