துருவேறிய கேட்

“இது அடிச்ச கைம்மா. முதல்ல இது சுத்தமாகட்டும். அப்புறம் தீட்சை கேக்கறேன்.”

ஏட்டையா இதைச் சொல்லாத வருஷம் கிடையாது.

போலீஸில் இருந்தபோது லாக்கப்பில் ஒருவனை அடித்தார். அவன் திருடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கத் தேடிப் போனால், அவன் ஊரைவிட்டே போயிருந்தான். ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். அண்டா, குத்துவிளக்கு, வாளி என்று கண்ணில் பட்டதையெல்லாம் தேய்த்தார்.

மடத்தை நடத்திய குழந்தையம்மாள் அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவருக்குக் குரு. அவர் பாட்டுக்கு ஊரில் நல்ல பேர்.

“தேய்ச்சு முடிஞ்சுதா ஏட்டையா?” என்று கேட்பார்.

“இன்னும் இல்லம்மா.”

அந்த வருஷம் மடத்தை ஒட்டிய பொட்டலில் ரேடியோ நிலையத்துக்காக இரண்டு இரும்புக் கோபுரங்கள் எழுந்தன. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். இரண்டுக்கும் நடுவே உச்சியில் கம்பி. கீழே சுற்றிலும் பழைய முள்வேலி, அதில் துருவேறிய ஓர் இரும்புக் கேட். மடத்து மாடுகூட அதை மதித்ததில்லை.

முதல் ஒலிபரப்பில் அம்மாள்தான் பாட வேண்டும் என்று வந்து அழைத்தார்கள். பாடுகிற இடம் டவுனில். அங்கிருந்து குரல் கம்பி வழியாக இந்தக் கோபுரத்துக்கு வந்து, இங்கிருந்து ஊர் ஊராகப் போகுமாம். அன்று ஜனம் முழுக்க பார்க்கில் வைத்த ரேடியோப் பெட்டியின் முன்னால் கூடிவிட்டது.

ஏட்டையா மட்டும் போகவில்லை.

“அம்மா பாட்டைக் கேக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?” என்று மடத்து வாளியை எடுத்துப்போய், அந்தக் கேட்டுக்குச் சற்றுத் தள்ளித் தேய்க்க உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் கேட் பாடியது.

முதலில் ஒரு கரகரப்பு. பிறகு வார்த்தைகள். பிறகு சந்தேகமே இல்லை, அம்மாளின் குரல். கேட்டின் கீலிலிருந்து, கொசு பாடுகிற அளவுக்கு, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக.

ஏட்டையா வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். மண்டியிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோனார். உடம்பெல்லாம் சிலிர்த்தது. அழுதார், சிரித்தார். பாட்டு தன்னைத் தேடி வந்துவிட்டதே என்று ஆனந்தம் தாங்கவில்லை.

அப்புறம் அவர் சும்மா இருப்பாரா? விடிந்ததும் செங்கல் பொடியும் எண்ணெயுமாகப் போய் உட்கார்ந்தார். அம்மாளின் குரல் வந்த இடம் இப்படியா கிடப்பது? சாயங்காலத்துக்குள் கேட் பளபளத்தது.

கழுவக்கூட நேரமில்லாமல் ஓடி, அம்மாளையும் நிலையத்து என்ஜினீயர் தேவசகாயத்தையும் அழைத்து வந்தார்.

“இப்பக் கேளுங்கம்மா. இன்னிக்கு வேற யாரோ பாடறாங்களாம், இன்னும் துல்லியமா வரும்.”

மூவரும் நின்றார்கள். கேட் வாயைத் திறக்கவில்லை.

“கச்சேரி ஆரம்பிக்கலையா சார்?”

“அப்பவே ஆரம்பிச்சாச்சே.” என்ஜினீயர் குனிந்து கீலைப் பார்த்தார். “ஏட்டையா, துருவையா தேய்ச்சீங்க? கோபுரத்துக்கு இத்தனை பக்கத்துல, துருவேறின மூட்டு சில சமயம் குரலைப் பிடிச்சுக் குடுக்கும். சுத்தமான இரும்பால அது ஆகாது.”

ஏட்டையாவின் முகம் செத்துவிட்டது.

“என்னைத் தேடி வந்ததையும் தேய்ச்சே விரட்டிட்டேன்” என்றார். கையெல்லாம் துருக்கறை. குழாயடியைப் பார்த்து நடந்தார்.

அம்மாள் ஓடி வந்து குறுக்கே நின்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. கண்ணெல்லாம் சந்தோஷம்.

“எங்க போறீங்க?”

“கையைக் கழுவிட்டு வரேம்மா.”

“கழுவாதீங்க. அப்படியே நீட்டுங்க. தீட்சை இப்பவே.”

ஏட்டையா தன் கையைப் பார்த்தார். பளபளத்துக்கொண்டு ஊமையாக நின்ற கேட்டைப் பார்த்தார்.

கையை நீட்டினார்.