உடையாத கோட்டைக் கதவு

கொடுவாள்மலைக் கோட்டையை ஆண்ட திம்மப்ப நாயக்கருக்குத் தம் வம்சப் பெருமையைக் கேட்டால்தான் சோறு இறங்கும். ஒருநாள் பக்கத்துப் பாளையக்காரர் ரங்கப்பர் விருந்துக்கு வந்திருந்தார்.

"என் முன்னோரைப் புகழுங்கள். ஒரு சொல்கூடப் பொய் கூடாது. ரங்கப்பருக்குப் பழங்கதையெல்லாம் தெரியும்" என்று அவைப் புலவர்களிடம் சொன்னார் நாயக்கர்.

புலவர்கள் தரையைப் பார்த்தார்கள். விசிறி வீசிக்கொண்டிருந்த பொம்மக்காளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரித்தவளே சொல். தெரியாவிட்டால் கோட்டையை விட்டு இன்றைக்கே வெளியே போ."

அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. கும்பிட்டபடி சொன்னாள்: "மகாராஜா, தங்கள் வம்சத்தார் காலத்தில் எந்த எதிரியும் இந்தக் கோட்டைக் கதவை உடைத்ததே இல்லை."

நாயக்கர் மீசையைத் தடவினார். ரங்கப்பர் விடவில்லை.

"என் பாட்டனார் படையோடு வந்து இந்தக் கோட்டையைப் பிடித்தாரே?"

"அவருக்கு எதற்குச் சிரமம் என்று முன்கதவைத் திறந்து வைத்துவிட்டு, மகாராஜாவின் பாட்டனார் பின்வாசல் வழியாகப் போய்விட்டார், சாமி."

ரங்கப்பர் வயிறு குலுங்கச் சிரித்தார். நாயக்கர் முகம் சுண்டிப்போயிற்று.

"போனவருக்குக் கோட்டை எப்படித் திரும்பக் கிடைத்தது?" என்று ரங்கப்பர் மேலும் சீண்டினார்.

"வடக்கேயிருந்து பெரும்படை வருவதாக ஒரு வதந்தி கிளம்பிற்று. தங்கள் பாட்டனாரும் அதே பின்வாசல் வழியாகப் போய்விட்டார். காலியாகக் கிடந்த கோட்டைக்கு நம்மவர் திரும்பி வந்தார்."

இப்போது சிரித்தது நாயக்கர். "இதில் பொய் உண்டா, ரங்கப்பரே?"

"இல்லை" என்றார் ரங்கப்பர், இலையைப் பார்த்தபடி. "ஆனால் இவளை வெளியே மட்டும் அனுப்பிவிடாதீர்கள். ஊரெல்லாம் சொல்லிவிடுவாள்."